அந்தப் பக்கம்

லியான் வண்டியைச் சரியாக நிறுத்தவில்லை. காட்டைக் காக்கும் ரேஞ்சர்களின் கொட்டகைக் கம்பத்தில் முட்டித்தான் அது நின்றது.

தண்ணீர் பம்புக்கு அடியிலிருந்து இளம் ரேஞ்சர் ராய்டன் தலையை வெளியே இழுத்தான். "கம்பம் அங்கதான் இருக்கு, லியான். நேத்தும் அங்கதான் இருந்துச்சு."

அவள் சிரிக்கவில்லை. "நொரீன் அண்ணி எங்க?"

நொரீன் உள்ளேயிருந்து வந்தாள். பல வருடம் போலீஸ் வேலை பார்த்துவிட்டு, ஒருநாள் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு இந்தப் பக்கத்து ரேஞ்சர்களுக்குத் தலைவியாக வந்தவள். அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை. லியானின் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தாள்.

"டூர்ல வந்த கிழவரக் காணோம் அண்ணி. காலைல செல்வின்கூட நடக்கப் போனாரு. செல்வின் மட்டும் திரும்பி வந்திருக்கான்."

"தண்ணி கொண்டு போனாரா?"

"சின்ன பாட்டில். அவ்வளவுதான்."

நொரீன் வானத்தைப் பார்த்தாள். மழைக்கு முந்தைய மாதம். இந்த வெயிலில் நிழலும் தண்ணீரும் இல்லாத ஒரு கிழவர் மத்தியானத்தைத் தாண்டமாட்டார். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"அவரு பொண்ணு போலீசுக்கு போன் போட்டுட்டா," என்றாள் லியான். "வழிகாட்டிதான் என்னமோ பண்ணிட்டான்னு சொல்லிட்டா. மத்தியானம் விமானம் வருது. செல்வின ஏத்திட்டுப் போகப் போறாங்க." அவள் நொரீனின் கையைப் பிடித்தாள். "அவன் அண்ணன ஏத்திட்டுப் போனப்போ நான் துணி காயப்போட்டுட்டு இருந்தேன் அண்ணி. சாயங்காலம் வந்துருவான்னுதான் நினைச்சேன்."

அந்த அண்ணன் லாக்கப்பிலிருந்து சவப்பெட்டியில்தான் வந்தான். அவன் பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை.

"ராய்டன், தண்ணி கேன் எல்லாத்தையும் ஏத்து," என்றாள் நொரீன். "கயிறும் ஸ்ட்ரெச்சரும் எடு."

"ஸ்ட்ரெச்சரா? ஆள் இன்னும் கிடைக்கவே இல்லையே சித்தி."

"கிடைச்ச பிறகு திரும்பி வந்து எடுக்கப் போறியா?"

*

ஆர்டன் பண்ணையில் இப்போது மிச்சம் ஒரு புகைபோக்கியும், இரும்பு வளையம் பதித்த கல் அறையும்தான். லியானும் அவள் புருஷன் செல்வினும் வருடத்தில் சில மாதம் அங்கே முகாம் போட்டு வெள்ளைக்காரர்களைக் கூட்டி வருவார்கள். மடுவில் குளிக்க விடுவார்கள், பாறை ஓவியம் காட்டுவார்கள். கடைசிச் சாயங்காலம் அந்த வளையத்தில் யாருடைய கழுத்துச் சங்கிலி மாட்டியிருந்தது என்று செல்வின் சொல்வான். ஆற்றின் மேல்கரையில் பண்ணை மேலாளர் தங்கள் ஜனங்களைச் சுட்டுப் போட்டதையும் சொல்வான். அங்கே யாரையும் கூட்டிப் போகமாட்டான். அதற்குப் பெயர் உண்டு, யாரும் சொல்வதில்லை. "அந்தப் பக்கம்" என்பார்கள்.

முகாமில் எல்லாம் வழக்கம்போல் இருந்தன. ஒருபுறம் கூடாரங்கள். நடுவில் பெரிய டிரக். டிரக்குக்கு அப்பால், வாசலை மலை பார்க்கத் திருப்பி, லியானின் அம்மா ஐவியின் கூடாரம். ஐவியின் மண் அது. அவள் இல்லாமல் அங்கே முகாம் இல்லை. வண்டி நின்றதும் லியான் ஒரு தட்டில் ரொட்டி வைத்து டிரக்கைச் சுற்றி அம்மாவிடம் கொண்டு போனாள். இந்தப்புறத்திலிருந்து செல்வின் தொண்டையைக் கனைத்துவிட்டுத்தான் எழுந்தான். ராய்டனுக்கு இதெல்லாம் கண்ணில் படவே இல்லை. சொந்த வீட்டில் கதவு எங்கே என்று யார் பார்ப்பார்கள்?

கிழவரின் மகள் ஜில்லியன் நேராக வந்தாள். முகம் சிவந்திருந்தது. "நீங்க அந்தச் செல்வினுக்கு என்ன வேணும்?"

"அக்கா. சித்தப்பா மக."

"அப்ப நீங்க விசாரிக்கறதுல அர்த்தமே இல்ல."

"நான் விசாரிக்க வரலம்மா. தேட வந்திருக்கேன். ராத்திரி என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

ஜில்லியன் சொன்னாள். நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். செல்வின் பண்ணையின் கதையைச் சொல்லி முடித்தான். அப்போது அவள் அப்பா, கிளைவ் ஹேவுட், எழுந்து நின்று சொன்னார்: நீங்கள் சொன்ன அந்தப் பண்ணை மேலாளர் என் தாத்தா.

"அவளுக்கே அப்பத்தான் தெரியும்," என்றாள் லியான் மெல்ல.

"செல்வின் என்ன செஞ்சான்?"

"டீயக் கொட்டிட்டு எழுந்து போயிட்டான். ஒரு வார்த்தை பேசல," என்றாள் ஜில்லியன். "காலைல நான் எழுந்திருக்கறதுக்கு முன்னாடி அப்பாவக் கூட்டிட்டுப் போயிருக்கான். தனியா. நீங்களே சொல்லுங்க."

நொரீன் ஹேவுட்டின் படுக்கைமேல் கிடந்த துணித் தொப்பியை எடுத்தாள். விளிம்பு முழுக்கப் பல் தடம், பாதி காணோம்.

"நாய் கடிச்சுப்போட்டுச்சு. ராத்திரி," என்றாள் ஜில்லியன்.

"உங்கப்பாவுக்குத் தலைல முடி இருக்கா?"

"என்ன கேள்வி இது? வழுக்கை."

நொரீன் தொப்பியை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

செல்வின் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தான், தலையில் ஈரத்துண்டு.

"என்ன மச்சான், கல்யாணப் பொண்ணு மாதிரி முக்காடு?" என்றான் ராய்டன். மற்ற நாளாக இருந்தால் செல்வின் ஏதாவது எறிந்திருப்பான். இன்று தலையைக்கூடத் தூக்கவில்லை.

"எங்க விட்ட?" என்றாள் நொரீன்.

"போவாப் மரத்துக்கிட்ட. நிழல்ல உக்காருங்க, வரேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"ஏன் விட்ட?"

அவன் தன் பூட்ஸைப் பார்த்தான்.

"சண்டையா?"

"இல்லக்கா."

"பின்ன?"

"விட்டுட்டு வந்தேன். அவ்வளவுதான். லியான் தண்ணி எடுக்கப் போயிருந்தா. அவ வரட்டும்னு இங்க உக்காந்திருந்தேன். நேரமாச்சு, வரல. திரும்பச் சுத்திக்கிட்டு மரத்துக்குப் போனேன். ஆளக் காணோம். அப்புறம் ஆத்தோட கீழ்ப்பக்கம் முழுக்கத் தேடினோம். நிழல் அங்கதானே இருக்கு." அவன் துண்டை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டான். "தப்பு என்மேலதான். அத எழுதிக்கச் சொல்லு அவங்கள."

"பாத்தீங்களா? அவனே சொல்றான்," என்றாள் ஜில்லியன்.

லியான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நொரீன் டிரக்கைச் சுற்றிப் போய் ஐவியின் முன் குந்தினாள். ரொட்டி தொடப்படாமல் இருந்தது. ஐவி பாவாடையின் ஓரத்தை நூல் நூலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்த, காலைல மீனுக்குப் போனியா?"

"போனேன்."

"கிடைச்சுதா?"

"இல்ல."

"மடுப்பக்கம் யாரையாச்சும் பாத்தியா?"

ஐவி மலையைப் பார்த்தபடி சொன்னாள். "வெள்ளக்காரன் யாரையும் நான் பாக்கல."

நொரீன் எழுந்தாள்.

*

பாதையில் இரண்டு ஜோடி பூட்ஸ் தடங்கள் பக்கத்தில் பக்கத்தில் போயின. செல்வினுடையது அகலம். கிழவருடையது ஒரு காலை லேசாக இழுத்தது.

"ரெண்டு பேரும் மெதுவாத்தான் போயிருக்காங்க," என்றான் ராய்டன். "நடுவுல நின்னு பேசியிருக்காங்க. சண்டைன்னா இப்படி நிக்கமாட்டாங்க. சரிதானே?"

"சரிதான். மேல சொல்லு."

வயிறு பெருத்த அந்தப் போவாப் மரத்தடியில் இன்னொரு தடம் பக்கவாட்டிலிருந்து வந்து பாதையில் சேர்ந்தது. வெறுங்கால். சின்னது. சுண்டுவிரல் இல்லை.

"இது ஐவி. மீனுக்குப் போன தடம். இதுல ஒண்ணுமில்ல," என்றான் ராய்டன். பிறகு அவன் முகம் மாறியது. "சித்தி, இங்க பாரு. செல்வின் இங்க நின்னுருக்கான். அப்புறம் வந்த பாதையில திரும்பல. முள்புல்லுக்குள்ள இறங்கி ஒரு பெரிய வட்டம் அடிச்சு முகாமுக்குப் போயிருக்கான். நல்ல பாதை இருக்க, எவனாவது முள்ளுல நடப்பானா?" குரலைத் தாழ்த்தினான். "யாரு கண்ணுலயும் படக்கூடாதுன்னுதானே அப்படிப் போவான்?"

"ஆமா," என்றாள் நொரீன். "அதுக்குத்தான்."

அவள் செல்வினைக் கைவிட்டுவிட்டாள் என்று ராய்டன் நினைத்தான்.

கிழவர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து மடுவை நோக்கிப் போயிருந்தார், ஐவியின் தடங்களின்மேலே. மடுவோரம் வந்ததும் பாறை. தடம் அங்கே முடிந்தது.

பாறையின்மேல் இரை டப்பா கவிழ்ந்து கிடந்தது, சுற்றிலும் எறும்பு. தூண்டில் கயிறு ஒரு கல்லில் சிக்கி விறைப்பாக நின்றது. ராய்டன் இழுத்தான். கனத்தது. கை நீளத்துக்கு ஒரு கொடுவா பாதி உயிரோடு வெளியே வந்தது.

"மீன் மாட்டின தூண்டில விட்டுட்டு ஐவி போனாளா? அவ வீடு தீப்பிடிச்சாக்கூட மீனை இழுத்துட்டுத்தான் போவா."

"அப்ப எதப் பாத்துட்டுப் போனா?"

"புலியா இருக்கு இங்க?"

நொரீன் மடுவின் மேல்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஆள் உயரத்துக்கு நாணல். அதற்கு மேலே, சிவந்த பாறைகளுக்கு நடுவில் ஒரு பிளவு. ராய்டன் தரையைப் பார்த்தான். அந்தப் பக்கம் அவன் கண் தானாகப் போகாது.

"அந்த நாணல் ஓரத்துல கொஞ்ச தூரம் நட," என்றாள். "பிளவுக்குப் போகவேண்டாம். ஓரத்தோட நில்லு."

"எதுக்கு சித்தி?"

"நட."

அவன் போனான். முதுகில் வேர்வை ஊறியது. "என்ன தெரியுது?" என்று கத்தினான்.

"உன் தொப்பி," என்றாள் அவள். "வேற ஒண்ணுமே தெரியல."

அவன் திரும்பி வருவதற்குள் அவள் முகாமை நோக்கி ஓட ஆரம்பித்திருந்தாள். அவள் ஓடுவதை அன்றுதான் அவன் முதல் தடவையாகப் பார்த்தான்.

*

"ரெண்டு பேரையும் நேருக்கு நேர் உக்கார வெச்சுக் கேளுங்க," என்றாள் ஜில்லியன். "அந்தம்மாவுக்கும் இவனுக்கும் ஆகவே ஆகாது. வந்த நாள்லேருந்து பாக்கறேன். ஒரு வார்த்தை பேசிக்கறதில்ல."

"அது மட்டும் முடியாதும்மா. பகை இல்ல, மரியாதை. மாமியார் முகத்த மருமகன் பாக்கக்கூடாது. அவளும் அவனப் பாக்கக்கூடாது. பேசக்கூடாது. எங்க சட்டம்."

நொரீன் செல்வினை டிரக்கின் ஒருபுறச் சக்கரத்தில் சாய்ந்து உட்காரச் சொன்னாள். ஐவியை மறுபுறச் சக்கரத்தில். நடுவில் இரும்பு. லியானை இரண்டுபேர் குரலும் கேட்கும்படி முன்னால் நிற்க வைத்தாள். அவளும் லியானிடமே பேசினாள்.

"லியான், உன் புருஷன் அந்தக் கிழவரக் கூட்டிட்டுப் போனான். போவாப் மரத்துக்கிட்ட ஒரு தடத்தப் பாத்தான். அப்பத்தான் விழுந்த தடம். உங்கம்மா மடுவுல இருக்கான்னு தெரிஞ்சுபோச்சு. மேல போக முடியாது. வந்த பாதையில திரும்பினா அவ பின்னாடியே வந்துட்டா என்ன பண்றது? அதான் முள்ளுல இறங்கிச் சுத்திட்டு வந்தான். உன்னை அனுப்பி அம்மாகிட்டச் சொல்லலாம்னு உனக்காகக் காத்திருந்தான். நீ வரல."

"இத ஏன் சொல்லல அவன்?" என்றாள் ஜில்லியன்.

"எப்படிச் சொல்வான்? 'மாமியாரால விட்டுட்டு வந்தேன்'னா? உங்கப்பா செத்துப்போயிருந்தா அந்தச் சாவு அவ தலைல விழும். அதுக்கு ஜெயிலுக்குப் போறதே மேல்னு உக்காந்திருக்கான்."

டிரக்கின் இந்தப்புறம் செல்வின் கண்ணை மூடினான்.

"சரி. அவன் தலைல ஏன் துண்டு? அவன் தொப்பி எங்க? கறுப்புத் தொப்பி, வெள்ளை இறகு வெச்சது, இந்தச் சீமை முழுக்கத் தெரிஞ்ச தொப்பி. கிழவரோட தொப்பிய நாய் தின்னுடுச்சு. வழுக்கைத் தலை. இந்த வெயில்." நொரீன் நிறுத்தினாள். "உங்கம்மா மடுவுல தூண்டில் போட்டுட்டு இருந்தா. மீன் மாட்டுச்சு. அந்த நேரம் நாணலுக்கு மேல ஒரு தொப்பி வந்துச்சு. ஆளு தெரியாது, தொப்பி மட்டும்தான் தெரியும். நான் பாத்துட்டேன். மருமகன்னு நினைச்சா. முகத்தத் திருப்பிக்கிட்டு எல்லாத்தையும் போட்டுட்டு வந்துட்டா. வெள்ளக்காரனைப் பாக்கலன்னு என்கிட்ட சொன்னா. பொய் இல்ல. அவ பாத்தது வெள்ளக்காரனை இல்ல."

மறுபுறம் நூல் பிரியும் சத்தம்கூட நின்றுவிட்டது.

"ஒண்ணுதான் எனக்குத் தெரியணும், லியான். அந்தத் தொப்பி எந்தப் பக்கம் போச்சுன்னு கேளு. வேகமாக் கேளு."

"அம்மா," என்றாள் லியான்.

மறுபுறமிருந்து ஐவி சொன்னாள். "அந்தப் பக்கம்."

ராய்டன் டிரக்கிலிருந்து ஓர் அடி பின்வாங்கினான்.

"உன் புருஷன்," என்றாள் ஐவி, "அந்தப் பக்கம் போனான்னுதான் நினைச்சேன். நேத்து ராத்திரி கேட்ட பேச்சுல புத்தி கெட்டுப் போயிட்டான்னு நினைச்சேன். சொன்னா பெரியவங்க அவனைச் சும்மா விடுவாங்களா? போலீசு விடுமா?"

"லியான்," என்றான் செல்வின் இந்தப்புறமிருந்து, "நான் போகலன்னு சொல்லு. தொப்பி நான்தான் அவருக்குக் குடுத்தேன்னு சொல்லு."

லியான் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஆனாலும் சொன்னாள்.

"எதுக்குக் குடுத்தானாம்?" என்றாள் ஐவி. "அந்த மேலாளர் பேரனுக்கு?"

"வெயிலா இருந்துச்சுன்னு சொல்லு."

ஜில்லியன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

*

அந்தப் பக்கம் சும்மா போக முடியாது. அங்கே கிடக்கிறவர்களுக்கு யார் வருகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும். சொல்லும் உரிமை ஐவிக்கு மட்டும்தான். கிழவரைத் தூக்கும் பலம் செல்வினுக்குத்தான். நொரீன் வரிசையை அமைத்தாள். முன்னால் ஐவி, முக்காடிட்டு. பின்னால் அவள், லியான், ராய்டன். கடைசியில், தலை குனிந்து, ஸ்ட்ரெச்சரோடு செல்வின்.

நாணலைக் கடந்ததும் ஐவி தன் மொழியில் கூவினாள். ஒவ்வொருவர் பெயராகச் சொன்னாள். ராய்டனின் பெயர் வந்தபோது அவன் தொப்பியைக் கழற்றினான். பிறகு அவள் நின்றாள். சொல்ல இன்னும் ஒருவர் இருந்தார்.

பாறைகள் சூட்டில் சடசடத்தன. எங்கோ தூரத்தில் விமானச் சத்தம்.

அவள் சொன்னாள். அந்த மேலாளரின் மகனுக்கு மகன் என்று சொன்னாள். துப்பாக்கி இல்லாமல் வந்திருக்கிறான் என்றாள். வைத்துக்கொள்ளாதீர்கள், நாங்கள் எடுத்துப் போகிறோம் என்றாள். அவ்வளவு மட்டும் ராய்டனுக்குப் புரிந்தது.

பிளவுக்குள் ஒரு சரிவில், கால் பாறையிடுக்கில் மாட்டிக் கிடந்தார் ஹேவுட். உதடு வெடித்திருந்தது. லியான் நனைத்த துணியை வாயில் பிழிந்தாள். தொண்டை அசைந்தது.

"இருக்காரு," என்றாள். "அண்ணி, இருக்காரு!"

செல்வின் மாமியாருக்கு முதுகைக் காட்டியபடி கல்லை நெம்பினான். ராய்டன் காலை விடுவித்தான். கிழவர் ஒருமுறை கத்தினார், பிறகு கண் திறந்தார்.

"ஏன் கூப்பிடல?" என்றாள் நொரீன். "மடுவுல ஆள் இருந்தாங்களே. கத்தியிருந்தா கேட்டிருக்குமே."

அவர் லியான் பிழிந்த தண்ணீரை விழுங்கினார். "பாத்தேன். தாத்தா அதச் செஞ்ச இடத்தத் தேடி வரும்போது நாணலுக்குள்ளேருந்து கையக்கூட ஆட்டினேன். அந்தம்மா என் பக்கம் பாத்தாங்க. உடனே முகத்தத் திருப்பிக்கிட்டாங்க." மூச்சு வாங்கினார். "நான் யாருன்னு தெரிஞ்சுபோச்சுன்னு நினைச்சேன். சரிதான்னு தோணுச்சு. அதுக்கப்புறம் விழுந்தப்போ, எந்த வாயால கூப்பிடறது?"

லியான் அதை அம்மாவிடம் சொன்னாள்.

ஐவி முக்காட்டை விலக்கிக்கொண்டு சரிவில் இறங்கினாள். செல்வின் பாறைக்கு அப்பால் நகர்ந்து நின்றான். அவள் கிழவருக்குப் பக்கத்தில், தன் நிழல் அவர் முகத்தில் விழும்படி உட்கார்ந்தாள்.

"நீன்னு தெரிஞ்சிருந்தா நான் திரும்பியிருக்கமாட்டேன்," என்றாள். "நேராப் பாத்திருப்பேன்."

பிறகு பார்த்தாள். அவரும் பார்த்தார். ஸ்ட்ரெச்சரை விரித்து முடிக்கும்வரை இருவரும் கண்ணை எடுக்கவில்லை.

நொரீன் சற்றுத் தள்ளிப்போய் ரேடியோவை எடுத்தாள். விமானி முதலிலேயே கேட்டான், கூட்டிப்போக வேண்டிய ஆள் தயாரா என்று.

"தயார். ஒருத்தர். கால் ஒடிஞ்சிருக்கு, உயிர் இருக்கு. தண்ணி ஏத்தற பாட்டில் கொண்டாங்க."

"வழிகாட்டி?"

நொரீன் திரும்பிப் பார்த்தாள். லியானும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் ஸ்ட்ரெச்சரோட ஒரு முனையப் பிடிச்சிருக்கான்," என்றாள் நொரீன். "வேற யாரையும் ஏத்த வேண்டியதில்ல."